வாரம் ஒரு கொலை: மலையில் இருப்பவருக்கு நூலகமா, கிண்டிலா, சொந்தப் புத்தகமா?

கோத்தகிரிப் பக்கத்து அக்கா ஒருவர் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இனி வாரத்துக்கு ஒரு துப்பறியும் நாவலாவது படித்தே தீருவது என்று முடிவு. மகன் கிண்டில் (மின்நூல் படிக்கிற கருவி) வாங்கித் தருகிறேன் என்கிறான். அவருக்கோ புத்தகமாக வாங்கி அலமாரியில் அடுக்க ஆசை. நடந்துபோகிற தூரத்தில் அரசு நூலகமும் இருக்கிறது. "நீதான் இதுலயே ஊறிக்கிடக்கிறவளாச்சே, எது நல்லது, சொல்லு" என்றார். நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். திங்கள் முதல் சனி வரை இலை எடையும் பட்டுவாடாவும்தான் பிழைப்பு. ராத்திரியும் ஞாயிறும் கொலையும் கொள்ளையும். அக்காவிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மற்ற புத்தகங்களுக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போட முடியாது. கவிதைத் தொகுப்பை ஒரு மாதம் தலைமாட்டில் வைத்திருக்கலாம். துப்பறியும் நாவலை அப்படி வைத்திருக்க முடியாது. பாதியில் விட்டு நாலு நாள் கழித்து எடுத்தால், யார் யாருக்கு மைத்துனன் என்பதே மறந்துபோகும். முடித்த பிறகு பெரும்பாலானவற்றை மறுபடி திறக்கவும் மாட்டோம், கொலைகாரன் தெரிந்துவிட்டானே. அதனால் நான் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். இந்த வாரம் முடிந்ததும் அடுத்தது கைக்கு வருமா? கடைசிப் பக்கம் வரை முழுசாக இருக்குமா? படித்து முடித்த புத்தகத்தை என்ன செய்வது? சமவெளிக்காரர்களுக்கு இது போதும். மலையில் மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அக்காவின் ஆசை. இருநூறு பக்கத் தமிழ் நாவல் ஒன்று இன்றைக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் எண்ணூறு, ஆயிரம் ஆகும். பென்ஷனில் அதைத் தாங்கலாம். தாங்காதது அலமாரி. குன்னூர், கோத்தகிரி இரண்டும் அதிகம் நனைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். வெயில் முகமே தெரியாத அந்த நாட்களில் வெளிச்சுவரை ஒட்டி வைத்த புத்தகத்தின் அட்டையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடிக்கும். துடைத்தால் போகும், அடுத்த வாரம் மறுபடி வரும். பக்கங்கள் ஈரம் இழுத்து உப்பிக்கொள்ள, புத்தகம் வாயைத் திறந்தே இருக்கும். அப்புறம் ராமபாணப் பூச்சி. அதற்குப் பசை என்றால் உயிர், முதுகு ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும்.

பழைய மலை வீடுகளில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். பட்டுப் புடவைக்கும் தோல் செருப்புக்கும் செய்கிற உபசாரம்தான். அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. இப்போது குண்டு பல்பு சுலபமாகக் கிடைப்பதில்லை. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் கொடுக்குமே தவிர அந்த அளவு சூடு கொடுக்காது. ஆகவே, மறுபடி படிக்கவே போகாத நூறு நாவல்களை ஈரத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பது அக்காவுக்குப் புதிய வேலையாகிவிடும். இன்னொரு தடவை படிப்போம் என்று உறுதியாகத் தோன்றுவதை மட்டும் வாங்கினால் போதும். என் கணக்கில் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் நாவல்கள் அந்தப் பட்டியலில் வரும். கொலைகாரன் தெரிந்த பிறகும் வசந்தின் வாய்க்காகப் படிக்கலாம். ஜூலையில் கோவை கொடிசியா கண்காட்சி வளாகத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய் பத்துப் பன்னிரண்டு வாங்கி வந்தால், ஒரு வருடத்துக்கான சொந்தப் புத்தகம் அவ்வளவுதான்.

தபாலில் வரவழைக்கலாமே என்பார்கள். முன்பு அதற்குச் சுலபமான வழி இருந்தது. பதிவுப் புத்தக அஞ்சல் என்று குறைந்த கட்டணத்தில் ஒரு சேவை; சின்னப் பதிப்பகங்கள் அதை நம்பித்தான் வெளியூருக்கு அனுப்பின. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை அதை நிறுத்திவிட்டது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. ஆனால் அது கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கு. விஷம் வைத்துக் கொன்ற கதை இதில் எந்த வகையில் சேரும் என்பதை ஒரு துப்பறிவாளரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூரியர் வரும், ஆனால் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அதுவும் வராது. வாரப் பழக்கத்துக்குத் தபாலை நம்ப வேண்டாம்.

இனி நூலகம். நின்று பேச வேண்டிய இடம் இதுதான்.

சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1948-ல். பின்னணியில் இருந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வீட்டு வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துப் பைசா நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கார்டு இல்லாதவரும் கட்டுகிறார். அதனால் அரசு நூலகத்தில் ஓசியில் படிக்கிறோம் என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. சொற்பக் காப்புத் தொகை கட்டினால் கார்டு கிடைத்துவிடும். இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பதால் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு அவகாசம் தாராளம். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே மாற்றுகிற நாளைச் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு முழுக்கப் படிக்கலாம்.

அங்கே நாவல் ரேக்கில் துப்பறியும் கதை எது என்று கண்டுபிடிக்கப் பெயரைப் பார்க்கவே வேண்டாம். எது அதிகமாகக் கிழிந்திருக்கிறதோ அதை எடுங்கள். அட்டை போய், காக்கி அட்டை போட்டு பைண்டிங் செய்து, முதுகில் மார்க்கரால் பெயர் எழுதியிருக்கும். முன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். நீல மையில் வரிசையாகத் தேதி குத்தியிருக்கும். தேதிகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் நல்ல நாவல். எட்டு நாளில், ஆறு நாளில் திரும்பி வந்திருக்கிறது என்றால் யாரும் பாதியில் நிறுத்தவில்லை என்று அர்த்தம். சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வரலாம். எந்த மதிப்புரையையும் விட நான் இந்தச் சீட்டைத்தான் நம்புகிறேன்.

குறையும் உண்டு. ஒரு நூலகத்தில் எடுத்த நாவலில் நாற்பதாம் பக்கத்திலேயே ஒரு பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு "இவன்தான்" என்று எழுதி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். இந்த ஆளை மட்டும் எந்தத் துப்பறிவாளராலும் பிடிக்க முடியாது. கடைசிப் பக்கம் காணாமல் போவது இதைவிடப் பெரிய துரோகம். பைண்டிங் செய்த புத்தகத்தில் கடைசி நாலு பக்கமும் முதல் நாலு பக்கமும்தான் முதலில் உதிரும். கவுன்ட்டரில் நின்று புரட்டிப் பார்க்கலாம் என்றால் கண்ணில் பெயர் பட்டுவிடும். நான் செய்வது இது: கடைசிப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, மூலையில் பக்க எண்ணை மட்டும் பார்ப்பேன், அடியில் "முற்றும்" தெரிகிறதா என்று கையைக் கொஞ்சம் நகர்த்துவேன். நூலகர் பழகியவராக இருந்தால் "கடைசிப் பக்கம் இருக்கான்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க சார்" என்று கேட்டால் போதும்.

ஊட்டியில் நீலகிரி நூலகம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 1859-ல் ஆரம்பித்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வடிவமைத்த சிவப்புக் கட்டடம். அது உறுப்பினர்களுக்கான நூலகம், சந்தாவும் அரசு நூலகம் போல இல்லை. ஆங்கிலத்தில் பழைய துப்பறியும் கதைகள் படிக்கிறவர், ஊட்டியிலேயே குடியிருப்பவர் என்றால் விசாரித்துப் பார்க்கலாம். அக்காவுக்கு வேண்டியது தமிழ். கோத்தகிரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஊட்டி வரை பஸ் ஏற வேண்டும் என்றால் இரண்டு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிடும். அதனால் இது வேண்டாம்.

மாத நாவலை மறந்துவிடக் கூடாது. பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அது. ராஜேஷ்குமாரை நம்மில் பாதிப் பேர் அறிந்தது அப்படித்தான். மலைக்குக் கீழே கோவையில் இருந்துகொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதியவர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி என்ற துப்பறியும் ஜோடிகள் நமக்கு வந்து சேர்ந்த வழி இதேதான். விலையும் குறைவு. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாக. ஜன்னலோரம் கிடைத்தால் கேத்தி வருவதற்குள் பிணம் விழுந்து, லவ்டேலில் சந்தேகம் சூடுபிடித்திருக்கும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மட்டும் வேண்டாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினால், பர்லியாறு தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழம் தேட வேண்டியிருக்கும்.

இதன் சிக்கல், முன்பு போல எல்லாக் கடையிலும் தொங்குவதில்லை. கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். தாளும் செய்தித்தாள் ரகம், ஒரு மழைக்காலம் தாங்காது. தாங்கவும் வேண்டாம். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். நான் முன்பு கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதுதான் மிகச் சுத்தமான பதில். ஆனால் வாரத்துக்கு ஒன்று வேண்டும் என்கிறவருக்கு மாதத்துக்கு ஒன்று எப்படிப் போதும்? இது ஊறுகாய், சோறு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

சரி, மகன் வாங்கித் தருகிற கிண்டில். அக்காவுக்கு அதன் மேல் உள்ள கோபம் நியாயமானது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் மலைக்கு அது பொருந்துகிற மாதிரி வேறொன்றும் பொருந்தாது. பூஞ்சை பிடிக்காது, ராமபாணம் தொடாது. யூகலிப்டஸ் மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போன ராத்திரியிலும் தன் வெளிச்சத்திலேயே எரியும். ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் தாங்கும். கம்பளிக்குள் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கண்ணில் புரை ஆரம்பித்திருக்கும் அக்காவுக்கு மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒன்றே பெரிய காரணம். ஒரே ஒரு எச்சரிக்கை: கடுங்குளிர் அதற்கு ஆகாது. ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரி ஊட்டியில் ஜன்னல் திட்டில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

கிண்டிலில் தமிழ் வந்தது 2016 கடைசியில். இன்று ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்கள் மின்நூலாக நிறையக் கிடைக்கின்றன. மாதச் சந்தாவும் இருக்கிறது, இரவல் மாதிரி. ஒரு நேரத்தில் இத்தனை என்று எடுத்துப் படித்து, திருப்பிக் கொடுத்து, அடுத்ததை எடுக்கலாம். சந்தாவை நிறுத்தினால் எடுத்தவை போய்விடும். வாரத்துக்கு ஒன்று படிக்கிறவருக்கு ஒவ்வொன்றாக வாங்குவதை விட இது லாபம். மாதத்துக்கு ஒன்றுதான் முடிகிறது என்றால் சந்தா வீண்.

இலவசமாகவும் கிடைக்கும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் காப்புரிமை தீர்ந்தது. தமிழில் துப்பறியும் நாவலை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942-ல் காலமானார். அவரை யாரும் தடையில்லாமல் பதிப்பிக்கலாம். 1930-ல் காலமான கானன் டாயிலும் அப்படித்தான். ஆனால் ஷெர்லாக் ஹோம்ஸின் தமிழாக்கம் மொழிபெயர்த்தவருக்குச் சொந்தம், அதற்குத் தனிக் கணக்கு. அகதா கிறிஸ்டி காலமானது 1976. ஆகவே இங்கே 2036 முடிய வேண்டும். அதற்கு முன்னால் "முழுத் தொகுப்பும் இலவசம்" என்று பி.டி.எஃப். வந்தால் யாரோ களவாடியது என்று பொருள். களவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்ற சௌகரியமே அங்கே போய்விடும்.

துப்பறியும் கதைக்கு மட்டும் கிண்டிலில் இரண்டு விசேஷம். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று பிரிக்கவும் முடியவில்லை. முப்பதாம் பக்கத்தில் வந்த தோட்டக்காரர் இருநூறாம் பக்கத்தில் மறுபடி தலைகாட்டினால், காகிதப் புத்தகத்தில் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவோம். அப்படித் தேடும்போதுதான் கவனிக்காமல் விட்ட வேறொரு தடயம் கண்ணில் படும். கிண்டிலில் பெயரைத் தட்டினால் அவர் வந்த இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எழுத்தாளர் அத்தனை பாடுபட்டு ஒளித்து வைத்ததை ஒரு நொடியில் கொட்டிவிடுவது ஏமாற்று வேலை மாதிரி எனக்குத் தோன்றும். ஆனாலும் செய்கிறேன். இன்னொன்று, திரையின் கீழே ஓடும் சதவீதம். இன்ஸ்பெக்டர் 71 சதவீதத்தில் ஒருவனைக் கைது செய்தால் அவன் நிரபராதி என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். காகிதத்திலும் மிச்சப் பக்கத்தின் கனம் விரலுக்குத் தெரியும்தான், ஆனால் இவ்வளவு கறாராகச் சொல்லாது. செட்டிங்கில் போய் அந்த எண்ணை மறைத்துவிடலாம். மகன் கருவியைக் கொடுக்கும்போதே இதைச் செய்துகொடுத்துவிட வேண்டும்.

போனில் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொலைகாரன் வாயைத் திறக்கும் நேரத்தில் குடும்ப வாட்ஸப்பில் காலை வணக்கம் வந்து விழும். ஒலிப்புத்தகம், சமையல் செய்துகொண்டே கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில்தான் துப்பு சொல்வார்கள்.

அக்காவுக்கு என் சிபாரிசு இதுதான். நூலகக் கார்டை உடனே போட்டுவிடுங்கள். ஜனவரி முதல் செப்டம்பர் வரை உங்களுக்கு அதுவே முதல் வழி. காசு மிச்சம் என்பதைவிட, சனிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் அது சின்ன விஷயமில்லை. தேதிச் சீட்டில் உங்களுக்கு முன்னால் எடுத்தவர் யார் என்று நூலகரிடம் கேட்டால், ஊரிலேயே உங்களைப் போல இன்னும் நாலு பேர் இருப்பது தெரியவரும். மகன் தருகிற கிண்டிலையும் மறுக்காதீர்கள். தீபாவளிக்குத் தருகிறேன் என்பான், செப்டம்பரிலேயே கேளுங்கள். அக்டோபர் மழைக்கு முன் நாலைந்தை இறக்கி வைத்துவிட வேண்டும், மழை பிடித்த பிறகு நெட்டை நம்பி உட்கார முடியாது. சந்தா அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் போதும், டிசம்பர் கடைசியில் நிறுத்திவிடலாம். புத்தகமாக வாங்குவதைக் கொடிசியாவோடு முடித்துக்கொள்ளுங்கள். மாத நாவல், ரயிலேறும் நாளுக்கு.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே மழை கொட்டுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. சந்தாவை மே கடைசியில் போட்டுக்கொள்ளலாம். கண் பிரச்சினை இல்லாதவர், நூலகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர், இரண்டு வாரத்துக்கு ஒன்று முடித்தால் போதும் என்பவர், இவர்களுக்குக் கிண்டில் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கலாம். நூலகத்தில் தமிழ்வாணன் கண்ணில் பட்டால் மட்டும் விடாதீர்கள். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலுக்கு மூளை வேலை செய்ய வேண்டுமென்றால் தேநீர் வேண்டும். தேயிலை விலை விழுந்து கிடக்கிற வருடங்களில் எங்கள் ஆபீசில் அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொள்வோம்.